ஐந்தாம் பக்கத்துப் படம்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு மன்னிப்பு அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வாசல் காவலாளி முதல் மாடியறை ஆசிரியர் வரை எல்லோருக்கும் மன்னிப்பு அக்காதான். தனக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற ஆள் அவர் இல்லை. வேண்டுமானால் அவர் கணவரைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார். பத்திரிகை செய்கிற தப்புக்கெல்லாம் பத்திரிகை சார்பில் வருத்தம் தெரிவிப்பது அவருடைய உத்தியோகம். "மத்தவங்க தப்பு பண்ணிச் சம்பளம் வாங்குறாங்க, நான் அதுக்கு வருத்தப்பட்டுச் சம்பளம் வாங்குறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

முதலில் அவர் மெய்ப்புத் திருத்துகிறவராகத்தான் அங்கே சேர்ந்தார். கொம்பும் காலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் ஊரிலுள்ள பத்திரிகைகள் எல்லாம் ஒரு கூட்டம் கூடின. செய்திகளில் தப்பு மலிந்துவிட்டது, தட்டிக் கேட்க வெளியிலிருந்து ஒரு அதிகாரியைப் போட வேண்டும் என்று பேச்சு அடிபட்ட காலம். அந்தக் கூட்டத்தில் எழுந்து உரக்கப் பேசியவர் இவர்களுடைய ஆசிரியர். நம்மை நாமே பார்த்துக்கொள்வோம், நம் வீட்டுக் குப்பையை நாமே கூட்டுவோம், வெளியாள் கையில் துடைப்பத்தைக் கொடுக்க வேண்டாம் என்றார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பேசிவிட்டு வந்தவருக்கு மறுநாள்தான் உறைத்தது, யாராவது ஒருவர் உண்மையாகவே கூட்ட வேண்டுமே என்று. துடைப்பம் அக்கா கைக்கு வந்தது.

அக்கா கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. தன் மேசையை மூன்றாம் மாடியில் படிக்கட்டுக்கு எதிரே போட வேண்டும். அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. கோபத்தோடு வருகிறவர் மூன்று மாடி ஏறி வருவதற்குள் பாதிக் கோபம் மூச்சு வாங்குவதில் போய்விடும், மீதிக்கு ஒரு செம்பு தண்ணீர் போதும் என்பது அவர் கணக்கு. தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "சொல்லுங்க" என்பார். பிறகு குறுக்கே பேச மாட்டார். அப்படிக் கேட்டதெல்லாம் மறுநாள் இரண்டாம் பக்கத்தின் அடியில், வானிலைக்கும் ரயில் நேரத்துக்கும் நடுவில், 'திருத்தம்' என்று ஒரு சின்னக் கட்டமாக வரும்.

வருகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. வாசல் கதவின் பூட்டு. சாவியைப் போட்டால் பாதியில் நின்றுகொள்ளும். காவலாளி தினமும் காலையில் கதவைத் தோளால் ஒரு தள்ளு, காலால் ஓர் உதை என்று தாஜா செய்துதான் திறப்பார். காற்றில் கதவு சாத்திக்கொண்டால் பகலிலும் அதே கூத்து. அந்த உதைச் சத்தம் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்கும். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற பத்திரிகைக்குத் தன் வாசல் பூட்டைப் பழுது பார்க்க நேரமில்லை.

திருத்தம் எழுதுவதில் அக்காவுக்கென்று ஒரு விதி உண்டு. தவறைத் திரும்பச் சொல்லாதே. இந்த விதி சும்மா வரவில்லை. இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு பள்ளி ஆசிரியர் மாணவனை அடித்துவிட்டதாகத் தவறான செய்தி வந்து, மறுநாள் இவர் நீளமாகத் திருத்தம் எழுதினார். இன்னார், இன்ன பள்ளியில், மாணவனை அடிக்கவில்லை என்று. அந்த ஆசிரியரின் மனைவி படியேறி வந்தார். "நேத்து வரைக்கும் பாதி ஊருக்குத்தான் தெரியும். நீங்க புண்ணியம் கட்டிக்கிட்டு இன்னிக்கு முழு ஊருக்கும் சொல்லிட்டீங்க" என்றார். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து அவர் எழுதுகிற திருத்தத்தில் பெயர் இருக்காது, பழி இருக்காது, காயத்தைக் கிளறுகிற ஒரு சொல்கூட இருக்காது. புண்ணுக்கு மருந்து போடுகிறேன் என்று கீறக் கூடாது என்பார். மற்றப் பத்திரிகைக்காரர்கள்கூட இந்த விதியைக் கேட்டு வாங்கித் தங்கள் நடத்தை விதிகளில் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை. மனிதர்தானே, இருக்கட்டும்.

இந்த விதிதான் அவரைக் கவிழ்த்தது.

சந்தைக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு சாவிக்காரர் கடை வைத்திருந்தார். பூட்டுப் பழுது பார்ப்பார், மாற்றுச் சாவி செய்வார். உள்ளே தாழ் விழுந்து மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் வீட்டுக்கே போய்த் திறந்து கொடுப்பார். இரண்டு வருஷத்துக்கு முன் சிறு தொழில்கள் பற்றி ஒரு கட்டுரைக்காகப் பத்திரிகையின் புகைப்படக்காரர் அவரைப் படம் எடுத்திருந்தார். மெல்லிய கம்பியைப் பூட்டுக்குள் விட்டு, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, காதால் எதையோ கேட்பதுபோல அவர் குனிந்திருக்கிற படம். அருமையான படம்.

அலுவலகக் கணினியில் படங்களைச் சேர்த்து வைப்பதற்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய மனிதர் என்றால் பெயரைப் போட்டுச் சேமிப்பார்கள். சாதாரண ஆள் என்றால் அவர் கையில் என்ன இருக்கிறதோ அதைப் போடுவார்கள். குடை, கூடை, கலப்பை, பூட்டு. சாவிக்காரருடைய படம் 'பூட்டு' என்று போய் உட்கார்ந்தது. அது யாருடைய முகம் என்று எங்கும் இல்லை. யார் தேடப்போகிறார்கள் என்ற நினைப்புதான்.

ஒரு நாள் பக்கம் முடிக்கிற அவசரத்தில் ஒரு திருட்டுச் செய்தி வந்தது. ஆள் இல்லாத வீடுகளின் பூட்டைச் சத்தமில்லாமல் திறந்து கொள்ளையடிக்கிற கும்பல் ஒன்று நடமாடுகிறது என்று. ஐந்தாம் பக்கத்தில் செய்தியைப் போட்டது போக, மூன்று பத்தி அகலத்துக்கு இடம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பக்கம் போடுகிறவர் கணினியில் 'பூட்டு' என்று தட்டினார். அருமையான படம் வந்து நின்றது. எடுத்து வைத்துவிட்டார். அடியில் பெயர் எதுவும் போடவில்லை, ஆகவே பெயர்ப்பிழை இல்லை. செய்தியில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. படமும் பொய்ப் படம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஒரு மனுஷன் திருடனாகிவிட்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

மறுநாள் காலையில் சாவிக்காரர் மூன்று மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கவில்லை, கோபமும் இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, பத்திரிகையை விரித்து, "இது நான்தாங்க" என்றார். அக்கா அப்போதே அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினார்: 'நேற்றைய ஐந்தாம் பக்கச் செய்தி ஒன்றுடன் வெளியான படம் அச்செய்திக்குத் தொடர்பில்லாதது. தவறுக்கு வருந்துகிறோம்.' எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினார். நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். கணினியில் அந்தப் படத்தின் மேல் அவர் பெயரையும் தொழிலையும் அக்கா ஏற்ற வைத்தார், பக்கம் போடுகிறவரைக் கூப்பிட்டு நான்கு வார்த்தை சொன்னார். ஒரு காரியத்தைச் செவ்வனே முடித்த நிம்மதியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையின் வீட்டுக்குப் போனார். தங்கை இரண்டு தெரு தள்ளி ஓர் அடுக்ககத்தில் இருந்தாள். வாய் ஓயாத பெண், மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. கதவில் பளபளவென்று புதுப் பூட்டு. பழையதுக்கு என்ன கேடு என்று அக்கா கேட்டார்.

"பூட்டுக்குக் கேடு இல்லக்கா. போன வருஷம் குழந்தை உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டப்ப ஒரு சாவிக்காரன் வந்து திறந்தானே, நிமிஷத்துல திறந்துட்டானே, அவன் திருடனாம். இவ்வளவு சுலபமா திறக்கிறானேன்னு நான் அப்பவே நினைச்சேன்."

"அப்பவேவா நினைச்சே?"

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. பேப்பர்ல படத்தைப் பாத்தப்புறம் நினைச்சேன். உங்க பேப்பர்லதான்க்கா."

அக்கா கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். அவர் திருடன் இல்லை, மறுநாளே திருத்தம் போட்டோமே, பார்க்கவில்லையா என்று கேட்டார். எங்கே போட்டீர்கள் என்று தங்கை கேட்டாள். இரண்டாம் பக்கம், கீழே.

"அந்தக் கட்டத்தை யாருக்கா படிக்கிறா? அது நீ எழுதுறதுன்னு எனக்குத் தெரியும், நானே படிக்கிறதில்ல."

பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து அந்த நாளுடையதைத் தேடி எடுத்து அக்கா தங்கை கையில் கொடுத்தார். தங்கை கட்டத்தை இரண்டு தரம் படித்தாள். எந்தப் படம், எந்தச் செய்தி, யாரு, இதைப் படித்தால் யாருக்கு என்ன விளங்கும் என்று கேட்டாள். அவள் குத்திப் பேசவில்லை, உண்மையாகவே விளங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று அக்கா கேள்விப்பட்டிருந்தார். இத்தனை காலமாக அதைத் தன் கையாலேயே செய்துகொண்டிருக்கிறோம் என்று அன்றுதான் தெரிந்தது. அதோடு போகவில்லை. அந்த அடுக்ககத்தில் எல்லா வீட்டிலும் பூட்டு மாறியிருந்தது. தங்கைதான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அதிலும் அக்காவின் தங்கை வாய்க்கு ஊர் உலைமூடி எல்லாம் சேர்ந்தாலும் போதாது.

மறுநாள் அலுவலகம் போகிற வழியில் அக்கா சந்தைக் கட்டடத்துக்குப் போனார். கடையில் சாவிக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஒருவர் மாற்றுச் சாவிக்காக நின்றுகொண்டிருந்தார். சாவியை அராவுகிற கையை அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் சாவிக்காரர் பழைய சாவியையும் புதுச் சாவியையும் அவர் உள்ளங்கையில் வைத்து, "ரெண்டும் உங்ககிட்டயே இருக்கு, பாத்துக்குங்க" என்றார். அந்த ஆள் கல்லாப் பக்கம், அராவுகிற மேசைப் பக்கம் எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கடைக்கு வருகிறவர்கள் வருகிறார்கள், வீட்டுக்குத்தான் யாரும் கூப்பிடுவதில்லை என்றார் சாவிக்காரர். வீட்டு வேலையில்தான் அவர் பிழைப்பே ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாசம் முடிந்ததும் கடையை விட்டுவிடப் போவதாகவும், மைத்துனருடைய இரும்புக் கிடங்கில் மூட்டை ஏற்றப் போவதாகவும் சொன்னார். குறை சொல்கிற குரலே இல்லை. சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"அந்தப் படம் நல்லா வந்திருந்துச்சுங்க. சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். இப்ப எடுத்துட்டேன்."

மறுபடியும் போடுகிறேன், இந்தத் தடவை பெயர் சொல்லி, படத்தோடு, விளக்கமாகப் போடுகிறேன் என்றார் அக்கா. அதுவரை பேசாமல் சாவிகளைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார்.

"வேண்டாம்மா. மன்னிப்புக் கேட்டதாச் சொல்றீங்க, எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப மறுபடி அதே முகத்தைப் போடுவீங்க. எழுத்தை யாரு படிக்கிறா? படத்தைப் பாத்துட்டு, இன்னொரு இடத்துலயும் கைவரிசை காட்டிட்டான் போலன்னு பக்கத்தைத் திருப்பிடுவாங்க. எழுத்து எங்களைக் கெடுக்கல. படம்தான் கெடுத்துச்சு."

பெயர் சொல்லாமல் போட்டாலும் தப்பு, சொல்லிப் போட்டாலும் தப்பு. முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது.

ஆசிரியர் நல்ல மனிதர்தான். காரியம் ஆக வேண்டுமென்றால் 'அக்கா' என்பார், எரிச்சல் வந்தால் 'மேடம்' என்பார். அன்று அக்கா மாடியறைக்குப் போய், திருத்தத்தை மறுபடி போட வேண்டும் என்றதும் மேடம் என்றுதான் ஆரம்பித்தார். ஒரே தப்புக்கு இரண்டு தடவை வருத்தம் தெரிவிக்கிற பத்திரிகை உலகத்தில் உண்டா என்று கேட்டார். சம்பந்தப்பட்டவரே நல்லா இருக்கு என்று ஒப்புக்கொண்டாரே என்றார். வக்கீலுக்குப் போன் போட்டார். முடிந்த விஷயத்தை நாமே கிளறக் கூடாது என்று வக்கீல் சொன்னது எதிரே உட்கார்ந்திருந்த அக்காவுக்கே கேட்டது. அக்கா குறுக்கே பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு நிதானமாகச் சொன்னார்.

"சார், தப்பு பக்கம் போட்டவர் மேல மட்டும் இல்ல. அந்த விதி நான் எழுதினது. அது அவரைக் காப்பாத்தல, நம்மளைத்தான் காப்பாத்துச்சு. நம்மளை நாமே பாத்துக்குவோம்னு அன்னிக்குக் கூட்டத்துல நீங்க பேசினப்ப நானும் கைதட்டினேன். பாத்துக்க முடியலைன்னா சொல்லிடுங்க, வெளியாளே வரட்டும்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஆசிரியருடைய முதுகை அவருக்கு இவ்வளவு பொறுமையாக யாரும் காட்டியதில்லை. அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சரி அக்கா, என்ன செய்யலாம் என்றார். அக்கா சாவிக்காரர் மனைவி சொன்னதைச் சொன்னார். படம்தான் கெடுத்தது என்றால் படமே அதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஆனால் எந்தப் படம் என்பதுதான் தெரியவில்லை என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கீழே காவலாளி கதவை உதைத்தார். கட்டடமே ஒரு குலுக்குக் குலுங்கியது. ஆசிரியரும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு யோசனை கிடைத்துவிட்டால் ஆசிரியரைப் பிடித்து நிறுத்த முடியாது. பத்திரிகையின் பெயர்ப்பலகைக்குக் கீழே சாவிக்காரரை நிறுத்தி, கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்து, தோளில் கை போட்டு நானும் நிற்கிறேன், நாளைக்கே எடுத்துவிடலாம் என்றார். அக்கா தலையை ஆட்டினார். "நடிச்சு எடுத்தா அது இன்னொரு பொய்ப் படம் சார். நம்ம பூட்டு நிஜமாவே கெட்டுக் கிடக்கு. அவர் வந்து நிஜமாவே சரி பண்ணட்டும். அப்ப எது கிடைக்குதோ அதை எடுப்போம். கிடைக்கலைன்னா பூட்டாவது சரியாகும்." கூலியும் மற்றவர்களிடம் வாங்குவதுதான், ஒரு காசு கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றார். கூடக் கொடுத்தால் வாயடைக்கக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

சாவிக்காரர் ஒப்புக்கொண்டார். வேலை என்பதால் ஒப்புக்கொண்டார். படம் எடுப்பார்கள், ஆனால் அவரும் மனைவியும் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அச்சாகும் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தார்.

காலையில் பையோடு வந்தார், மனைவியும் கூட வந்தார். பூட்டைக் கழற்றிப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சுருள்வில் தேய்ந்து போய் எத்தனையோ காலமாகிறது, இதை உதைத்து உதைத்துச் சட்டமும் கோணிவிட்டது என்றார். காவலாளி வேறு எங்கோ பார்த்தார். வேலையை ஆரம்பிக்கும் முன் சாவிக்காரர் காவலாளியிடம், நின்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்க்கிற வேலையை நான் எப்போது செய்தேன், இப்போது செய்ய என்றார் காவலாளி. எல்லோரும் சிரித்தார்கள், சாவிக்காரரும் லேசாகச் சிரித்தார். வாசல் இடுக்கில் வெளிச்சம் போதவில்லை. யாராவது கைவிளக்கைப் பிடியுங்கள் என்று அவர் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். அதை வாங்கியவர் ஆசிரியர். இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் இடப்பக்கம், ஆட்டாதீங்க என்று சாவிக்காரர் சொல்லச் சொல்ல, ஆசிரியர் வெள்ளைச் சட்டையில் கறை படிவது தெரியாமல் முட்டி போட்டு விளக்குப் பிடித்தார். புகைப்படக்காரர் எதுவும் சொல்லாமல் தெருவுக்கு இறங்கி, மேலே பெயர்ப்பலகையும் தெரிகிற மாதிரி அங்கிருந்து எடுத்தார்.

வேலை முடிந்தது. கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது, சாத்தியது. சாவிக்காரர் சாவிகளை எல்லாம் ஆசிரியர் கையில் வைத்தார். பிறகு தன் பையைத் தரையில் கவிழ்த்தார். அரம், கம்பி, திருப்புளி, ஒரு சாப்பாட்டுப் பொட்டலம்.

"எல்லாச் சாவியும் உங்ககிட்ட இருக்குங்க. எங்கிட்ட எதுவும் இல்ல. பாத்துக்குங்க."

யாரும் அவரிடம் கேட்கவில்லை. இப்போதெல்லாம் எங்கே போனாலும் இப்படித்தான் செய்கிறார் என்று அவர் மனைவி அக்காவின் காதோரம் சொன்னார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க முயற்சி செய்யவும் இல்லை. ஆசிரியர் கறை படிந்த சட்டையோடு கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு கருவியாக எடுத்துப் பைக்குள் தானே வைத்தார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் அவர் யாரையும் மேடம் என்று கூப்பிடவில்லை.

மறுநாள் அக்கா பக்கத்தை மாதிரி அச்செடுத்துச் சந்தைக்கு எடுத்துப் போனார். அதே ஐந்தாம் பக்கம், அதே மூன்று பத்தி அகலம். 'இவர் பூட்டுப் பழுது பார்ப்பவர்' என்று தொடங்கி, அவர் பெயர், கடை இருக்குமிடம், என்ன செய்தியோடு அவர் படத்தைப் போட்டோம், அந்தக் கும்பலுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது வரைக்கும் எதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். 'தவறு எங்களுடையது' என்ற இடத்தில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று மாற்றச் சொன்னார் வக்கீல். தானாக வந்து நேர அதற்குக் கால் இருக்கிறதா என்று அக்கா கேட்டார். அந்த வரி அப்படியே நின்றது.

சாவிக்காரர் மனைவி ஒரு வரியையும் படிக்கவில்லை. எழுத்து முழுவதையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, படம் மட்டும் தெரிகிற மாதிரி பக்கத்துத் தேநீர்க்கடைக்காரரிடம் நீட்டி, என்ன தெரியுது சொல்லுங்க என்றார். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அட, நம்ம சாவிக்காரர். பேப்பர் ஆபீசுக்குப் பூட்டு மாட்டுறாரு. கீழே முட்டி போட்டு விளக்குப் பிடிக்கிறது யாரு, புதுசா வேலைக்கு ஆள் வெச்சிருக்காரா?"

அந்த அம்மாள் சிரித்ததை அக்கா அன்றுதான் பார்த்தார். சிரிப்பு அடங்கியதும் தாளை மடித்துக் கொடுத்து, "போடுங்க" என்றார்.

படம் வந்தது. அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த நடத்தை விதிகளில் அக்கா தன் பழைய விதியை அடித்துவிட்டு வேறு எழுதினார். தவறை யார் பார்த்தார்களோ அவர்கள் கண்ணில் திருத்தமும் பட வேண்டும். எப்படி என்பதைப் பாதிக்கப்பட்டவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். மற்றப் பத்திரிகைக்காரர்களுக்கும் அனுப்பினார். பழையதை ஓடி வந்து வாங்கிக்கொண்டவர்கள் புதியதைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே நாளில் எல்லாம் நேராகிவிடவில்லை. மாசம் முடிந்தது, சாவிக்காரர் கடையை விடவில்லை, அவ்வளவுதான். வீட்டு வேலைக்கு ஒன்றிரண்டு பேர் கூப்பிட்டார்கள். சுவரில் வெளுத்த சதுரத்தில் புதுப் படம் ஏறியது. ஆனால் வருகிறவர்களிடம் நின்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதை மட்டும் அவர் விடவில்லை. அதைத் திருத்த அக்காவின் கட்டத்துக்குச் சக்தி போதவில்லை. இது அக்காவை அரித்துக்கொண்டே இருந்தது.

தங்கை அந்தப் படத்தைப் பார்த்த அன்றே போன் செய்திருந்தாள். வழக்கமான வாயாட்டம் இல்லை. அக்கா, பாத்தேன், படிச்சேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை, சந்தைக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டாள். காய்கறிக்கென்று நினைத்துக்கொண்டு அக்காவும் போனார். தங்கை நேராக மாடிப்படிக்குக் கீழே போய் நின்றாள். கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் வீட்டுப் புதுப் பூட்டின் சாவி.

இதற்கு ஒரு மாற்றுச் சாவி வேண்டும், அக்கா வீட்டில் கொடுத்து வைக்க என்றாள். சாவிக்காரர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். குழந்தை எப்படி இருக்கிறது, இப்போதும் உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறதா என்று கேட்டார். தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்பு என்ற சொல் அவள் வாய் வரைக்கும் வந்ததை அக்கா பார்த்தார். அது வெளியே வரவில்லை. சாவிக்காரர் அரத்தை எடுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் சொன்னார்:

"இப்படி நின்னு பாத்துக்குங்கம்மா."

"எனக்குக் காய் வாங்கணும். ஆகட்டும், மெதுவாப் பண்ணுங்க" என்றாள் தங்கை. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த மனிதரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அக்காவுக்கு அடித்துக்கொண்டது. கழுத்தைத் திருப்பப் போனார்.

"திரும்பாதேக்கா" என்றாள் தங்கை. "திரும்பினா, சந்தேகப்பட்டுப் பாக்குறோம்னு நினைச்சுக்குவாரு."

அக்கா திரும்பவில்லை. காய்கறிக் கடை வரிசையை எட்டும்போது அரம் சாவியை அராவுகிற சத்தம் பின்னாலிருந்து கேட்கத் தொடங்கியது.